தை இருபத்தைந்து காலியாக உள்ளது

நவம்பர் 3, திங்கள்

காலை பத்து மணிக்கே ரத்தம் கொதித்துவிட்டது. பொன்னரசு மஹால் என்று ஒரு கல்யாண மண்டபம். அதன் டிரஸ்டுக்கு எங்கள் கம்பெனி வெப்சைட் செய்து தருகிறது. மண்டபத்தை புக் செய்யும் ஃபார்மை எங்களுக்கு முன்னால் எந்தப் புண்ணியவானோ செய்து வைத்திருக்கிறான். நிர்வாகப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டங்களை மவுஸால் இழுத்து இழுத்துப் போட்டுக் கட்டிய ஃபார்ம். ஒரு கட்டத்தை நகர்த்தினால் மூன்று கட்டம் காணாமல் போகிறது. அதன் மேலேயே ஒட்டுப் போடச் சொன்னார் முதலாளி ரத்தினவேல் சார்.

"கோட்லதான் எழுதுவேன் சார். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

"கோவப்படாதம்மா. எப்படியோ ஒண்ணு, பதினஞ்சு நாள்ல முடிச்சுக் குடு."

எப்படியோ ஒன்று! ஆறு வருடமாக இந்த ஆளுக்குப் புரிய வைக்க முடியவில்லை. கோடில் எழுதினால் ஃபார்மின் ஒவ்வொரு கட்டமும் ஒரு வரிசையில் நிற்கும். இது பெயர், இது எழுத்து, இது கட்டாயம், இது கட்டாயமில்லை என்று நான்தான் சொல்வேன். ஒரு கட்டத்தில் இன்னதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த கட்டத்தில் இன்னது வரவேண்டும் என்பதையும் நான்தான் சொல்வேன். அது சொன்னபடி கேட்கும். என் வாழ்க்கையில் சொன்னபடி கேட்கும் ஒரே ஜீவன் அதுதான்.

வீட்டில் தம்பி இனியனுக்கு மண்டபம் தேடிக்கொண்டிருக்கிறோம். தை இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பெண் வீட்டில் நாள் குறித்துவிட்டு, மண்டபத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று இடம் கேட்டாயிற்று. மூன்றும் நிரம்பிவிட்டதாம்.

நவம்பர் 4, செவ்வாய்

ஃபார்மில் என்னென்ன கேட்க வேண்டும் என்று டிரஸ்டின் செயலாளர் நடேசன் பட்டியல் அனுப்பியிருக்கிறார். இருபத்து மூன்று கட்டம்! பாஸ்போர்ட்டுக்குக்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் எதற்கு? பெண்ணின் சித்தப்பா என்ன வேலை பார்த்தால் இவர்களுக்கு என்ன? பதினோராவது கட்டம் குலதெய்வம். கட்டாயம் நிரப்ப வேண்டும்.

ஜெசிந்தாதான் எங்கள் டெஸ்டர். நான் எழுதுவதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஏ பவளா, எனக்கு ஏது குலதெய்வம்? நான் என்னத்தப் போடுறது? அந்தோணியாரா?"

சிரித்துக்கொண்டே சாரிடம் கேட்டேன். நடேசனுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று சேர்க்க வேண்டுமாம். அதைத் தேர்ந்தெடுத்தால் 'அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்' என்று வர வேண்டுமாம்.

"சாமி பேரு எதுக்கு சார் மண்டபத்துக்கு?"

"முகூர்த்தத்தன்னைக்கு அந்தச் சாமி பேர்ல பூச பண்ணுவாங்களாம். கேட்டதப் போட்டுட்டுப் போம்மா."

போட்டேன். யார் வீட்டுச் சாமி பெயரைக் கேட்டால் எனக்கென்ன? நான் இந்த மாதிரி விஷயங்களில் தலையிடுவதில்லை. போன மாசி மாதம் எங்கள் சாமிக்குக் கொடைத் திருவிழா என்று சொந்த ஊரான நெடுங்கரைக்குப் போனபோதுகூட, ஆபீஸில் காய்ச்சல் என்றுதான் லீவு சொன்னேன்.

நவம்பர் 6, வியாழன்

குலதெய்வங்களின் பட்டியல் எக்செல்லில் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. சாமி பெயர், ஊர், குழு என்று மூன்று பத்தி. குழுவில் ஒன்று அல்லது இரண்டு.

தட்டச்சு செய்தவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். ஒரே சாமி, ஒரே ஊர், இரண்டு முறை. இப்படி முப்பத்தெட்டு இடத்தில். குழு எண்ணிலும் கவனம் இல்லை, ஒரு வரியில் ஒன்று, அடுத்த வரியில் இரண்டு. எங்கள் மடைக்காரி அம்மன்கூட இரண்டு முறை வந்திருக்கிறாள். நெடுங்கரை, ஒன்று. நெடுங்கரை, இரண்டு. இரட்டைப் பதிவுகளில் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்க நாலு வரி எழுதி ஓட்டினேன். பட்டியல் சுத்தமாகிவிட்டது. யாரும் நன்றி சொல்லப்போவதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வீட்டுக்காரம்மா மறுபடியும் "உங்க சொந்தக்காரங்கள்லாம் எங்கிட்டு இருக்காங்க?" என்று ஆரம்பித்தார். மேலூர் பக்கம் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். துணி காயவில்லை.

நவம்பர் 10, திங்கள்

இன்றைய புதுக் கோரிக்கை: ஒரு காலண்டர் போதாதாம், இரண்டு வேண்டுமாம். குழு ஒன்றுக்கு ஒரு காலண்டர், குழு இரண்டுக்கு ஒரு காலண்டர். இருப்பது ஒரே ஒரு மண்டபம்! ஒரு மண்டபத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணமா நடத்தப்போகிறார்கள்? சாரிடம் கத்தினேன்.

"உறுப்பினருக்கு ஒண்ணு, பொதுவுக்கு ஒண்ணுன்னு ஏதோ வச்சிருப்பாங்கம்மா. அது அவுங்க உள் விவகாரம்."

இது போதாதென்று ஒரு பட்டனும் கேட்டிருக்கிறார்கள். காலண்டரில் ஒவ்வொரு நாளாக 'நிரம்பியது' என்று குறிக்க நேரமாகிறதாம். ஒரே அமுக்கில் மொத்தமாகக் குறிக்க வேண்டுமாம். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை. திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத எனக்கே பிடித்துவிட்டது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, எந்தக் காலண்டர், 'அனைத்தையும் நிரப்பு'. அரை நொடியில் மூன்று வருடத்தை நிரப்புகிறது. ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நல்ல சேதி! இன்று ஃபார்மை முதல் தடவையாக முழுதாக ஓட்டிப் பார்த்தேன். எதற்கு ராமன், சீதை என்று பொய்ப் பெயர் போட வேண்டும் என்று இனியன் பெயரையே போட்டேன். சாமி மடைக்காரி அம்மன், ஊர் நெடுங்கரை. தேதிப் பட்டியல் இறங்கியது. தை இருபத்தைந்து காலி!

பெரிய மண்டபம். ஏசி இருக்கிறது, பஸ் ஸ்டாப் வாசலிலேயே இருக்கிறது. ஃபார்ம் எழுதிய என் கையாலேயே முதல் புக்கிங் போடலாம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு போன் செய்தேன்.

"பொன்னரசு மஹாலாடி?"

"ஆமாம்மா. காலியா இருக்கு. சைட்டு தெறந்த அன்னைக்கே போட்டுருவேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அது வேணாம்டி. நம்ம சர்ச் ரோட்டுச் சின்ன மண்டபத்தவே பாப்போம்" என்றாள்.

"ஏம்மா?"

"வேணாம்னா விடேன்."

அம்மாவுக்கு எதிலும் துணிச்சல் கிடையாது. பெரிய இடம் என்றால் ஒதுங்கிப் போய்விடுவாள். இருபத்தாறு வருடம் பால்வாடியில் ஆயாவாக இருந்து, ஒருநாள்கூட நாற்காலியில் உட்காராதவள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் போடத்தான் போகிறேன்.

நவம்பர் 13, வியாழன்

செயலாளர் நடேசன் என்னிடம் நேரடியாக போனில் கத்தினார். பட்டியலில் முப்பத்தெட்டு வரியைக் காணோமாம்.

"இரட்டைப் பதிவு சார் அது. நான்தான் எடுத்தேன்."

"யாரக் கேட்டு எடுத்தீங்க? அது ரெட்டப் பதிவு இல்லம்மா. சாமி ஒண்ணுதான், ஊரு ஒண்ணுதான். தெரு வேற."

"தெரு வேறன்னா என்ன சார்?"

"தெரு வேறன்னா தெரு வேறதான். உங்களுக்கு எந்த ஊரும்மா? இதுகூடத் தெரியாதா? புதுசா லிஸ்ட் அனுப்புறேன், தெருப் பத்தியோட. அத அப்படியே ஏத்துங்க. உங்க புத்திய அதுல காட்டாதீங்க."

என் புத்தியைக் காட்டித்தானே ஐயா உங்கள் ஃபார்ம் நிற்கிறது! ஆறு வருட அனுபவம் எனக்கு. இரட்டைப் பதிவை நீக்கியதற்குத் திட்டு வாங்கிய ஒரே புரோகிராமர் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 14, வெள்ளி

தெருவுக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். இப்போது இருபத்து நான்கு. சாமியைத் தேர்ந்தெடுத்தால் ஊர், ஊரைத் தேர்ந்தெடுத்தால் தெரு, தெருவைத் தேர்ந்தெடுத்தால்தான் தேதி. நெடுங்கரைக்கு மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு வருகிறது. அச்சு அசலாக எங்கள் ஊரில் இருக்கிறபடியே.

மாலையில் காலண்டர்களை நிரப்ப டிரஸ்ட் ஆபீஸுக்கு லாகின் கொடுத்தோம். பிரஷர் குக்கருக்கு கேஸ்கட் வாங்க வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

பக். என் கோடில் எங்கோ பிழை.

இனியன், மடைக்காரி அம்மன், நெடுங்கரை, கீழத்தெரு. எல்லாத் தேதியும் நிரம்பியது என்கிறது. தை மட்டுமில்லை. அடுத்த மாசி, பங்குனி, அதற்கடுத்த தை, அதற்கும் அடுத்த தை. ஆடியும் மார்கழியும்கூட நிரம்பியிருக்கிறது. மார்கழியில் எவன் கல்யாணம் செய்கிறான்?

பழைய பதில் எங்காவது தங்கியிருக்கும் என்று கேஷை எல்லாம் துடைத்தேன். அப்படியே இருக்கிறது. ஜெசிந்தாவும் ஓட்டிப் பார்த்துவிட்டு பக் பட்டியலில் ஏற்றிவிட்டாள். எண் 41. தீவிரம்: மிக அதிகம்.

நவம்பர் 18, செவ்வாய்

நாள் முழுக்க 41. தேதியைக் கணக்கிடும் இடம், தெருவைப் படிக்கும் இடம், காலண்டரைக் கேட்கும் இடம் என்று வரி வரியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. மேலத்தெரு என்று போட்டால் தை இருபத்தைந்து காலி. கீழத்தெரு என்று போட்டால் நிரம்பியது. நூறு தடவை மாற்றி மாற்றிப் போட்டேன். நூறு தடவையும் அதையேதான் சொன்னது. என் கோடு இப்படி என் முகத்துக்கு நேராக என்னை அவமானப்படுத்தியதே இல்லை.

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெசிந்தா தன் மீன் குழம்பைத் தந்தாள்.

நவம்பர் 19, புதன்

சைட்டில் யார் எப்போது எதை மாற்றினாலும் குறிப்பு விழும். அதைத் திறந்து பார்த்தேன். நவம்பர் 14, மாலை ஐந்து பன்னிரண்டு. செயலாளரின் லாகின். காலண்டர் இரண்டு. 'அனைத்தையும் நிரப்பு'. மூன்று வருடம்.

பக் இல்லை.

நவம்பர் 20, வியாழன்

லீவு. எழுத ஒன்றுமில்லை. சிலிண்டர் இன்று வரும் என்றார்கள், வரவில்லை. போன் செய்தால் எடுக்க ஆளில்லை. பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷியை இப்படிக் காக்க வைக்கலாமா? வருகிறோம் என்றால் வர வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். அதென்ன இருக்கிறமாதிரியும் இல்லாதமாதிரியும் ஒரு பதில்? குக்கரைப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். சமைக்கவில்லை.

முதலில் கேட்ட அந்த மூன்று மண்டபங்களும் உண்மையிலேயே நிரம்பித்தான் இருந்தனவா?

நவம்பர் 21, வெள்ளி

ஜெசிந்தாவிடம் 41-ஐ மூடிவிடச் சொன்னேன்.

"சரியாயிருச்சா?"

"பக் இல்ல."

"அப்ப என்னது?"

எக்செல்லை அவள் பக்கம் திருப்பினேன். குழு இரண்டு என்பதை மட்டும் வடிகட்டிக் காட்டினேன். கீழத்தெரு, காலனித் தெரு, கிழக்குக் கடைசித் தெரு, கண்மாய்க்கரைத் தெரு. நூற்றுப் பதினேழு வரி. அவள் கடைசிவரை உருட்டிப் படித்தாள்.

"பவளா, நீங்க எந்தத் தெரு?"

ஆறு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். இந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் ஆறு வருடமும் மேலூர் பக்கம், மேலூர் பக்கம் என்று சொல்லி வந்தேன். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் அதற்கப்புறம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

"கீழத்தெரு" என்றேன்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை விட்டுவிட்டு அவள் இடத்துக்குப் போய், "நான் மூட மாட்டேன். இது பக்குதான்" என்றாள். 41 திறந்தே இருக்கிறது.

இதைத்தான் இங்கே எழுத முடியாமல் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்: ஃபார்மை எழுதியவள் நான். இரண்டு காலண்டரையும் பிரித்தவள் நான். அந்தப் பட்டனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டியவளும் நான்தான். அரை நொடியில் நிரம்புகிறது என்று பெருமைப்பட்டேன். என் வீட்டுக்கான தேதியைத்தான் நிரப்பக் கொடுத்திருக்கிறேன், சை.

நவம்பர் 22, சனி

அம்மா வந்திருந்தாள். நான் எதையும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பொன்னரசு மஹால்ல கேட்டியா?"

"இல்லன்னுட்டாங்க."

அம்மா வெங்காயத்தை அரிந்துகொண்டே சொன்னாள். "நீ பொறந்த வருசம் உங்கப்பா அங்கதான் போனாரு, உங்க அத்த கல்யாணத்துக்கு. அன்னைக்கு நோட்டுல எழுதி வப்பாங்க. எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டுட்டு, நோட்டப் பொரட்டி, அந்தத் தேதி இல்லப்பான்னுட்டாங்க. சரின்னு ஊர்லயே பந்தலப் போட்டோம். கல்யாணத்தன்னைக்கு மாப்ள வீட்டாளுகளக் கூட்டியார அந்த வழியாத்தான் பஸ்ஸுல போனோம். மண்டபம் பூட்டிக் கெடந்துச்சு. ஒரு தோரணம்கூட இல்ல. உங்கப்பா சன்னலு வழியாப் பாத்துக்கிட்டே வந்தாரு."

"எங்கிட்ட ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல?"

"சொல்லி? நீ படிச்சுப் போனீல்ல, அதெல்லாம் மாறியிருக்கும்னு நெனச்சேன்."

மாறித்தான் இருக்கிறது அம்மா. அன்றைக்கு ஒரு ஆள் நோட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம், உன் மகள் எழுதிக் கொடுத்துவிட்டாள். இதை அவளிடம் சொல்ல எனக்கு நெஞ்சில் தைரியம் இல்லை. சாம்பார் உப்புக் கரித்தது.

நவம்பர் 24, திங்கள்

சார் முன்னால் எக்செல்லையும் குறிப்பையும் வைத்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அவுங்க பிரைவேட் டிரஸ்ட்டும்மா. யாருக்குக் குடுக்கணும், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு நம்ம எப்படிச் சொல்ல முடியும்?"

"குடுக்கக் கூடாதுன்னு அவுங்க சொல்லட்டும் சார். நிரம்பியதுன்னு நான் ஏன் பொய் சொல்லணும்?"

நடேசனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். என் பெயர் பவளக்கொடி, ஃபார்மில் ஒரு சந்தேகம் என்றேன்.

"குழு ரெண்டுக்கு என்ன வாசகம் போடணும் சார்? காலியா இருக்கிற தேதிய நிரம்பியதுன்னு காட்டுது. தப்பான தகவல்."

"அதான் சரிம்மா. அப்படியே இருக்கட்டும்."

"ஏன் தர்றதில்லைங்கிற காரணத்த ஒரு வரி எழுதிக் குடுங்க. அப்படியே போட்டுர்றேன்."

"அதெல்லாம் எழுத்துல எதுக்கு? பொதுவா ஏதாச்சும் போடும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

எழுத்தில் எதுக்கு! தாய்மாமன் பெயர் எழுத்தில் வேண்டும், சித்தப்பாவின் உத்தியோகம் எழுத்தில் வேண்டும், எங்கள் சாமி எங்கே நிற்கிறாள் என்பது தெருவோடு எழுத்தில் வேண்டும். இவர்கள் செய்வதை மட்டும் எழுதக் கூடாது. முந்நூற்றுப் பன்னிரண்டு வரியை உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்களுக்கு ஒரு வரி எழுதக் கை வராது. எனக்கு வரும். ஏதாச்சும் போடச் சொல்லிவிட்டார் இல்லையா?

நவம்பர் 26, புதன்

டிரஸ்ட் ஆபீஸில் டெமோ. சுவரில் பெரிய டிவி. நடேசன், டிரஸ்டிகள் நாலு பேர், எங்கள் சார், ஜெசிந்தா, நான். காபியும் மிக்சரும் கொடுத்தார்கள். நடேசன் நான் நினைத்த மாதிரி இல்லை. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். "வாங்கம்மா, ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க" என்று எழுந்து நின்று வரவேற்றார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஃபார்மைத் திறந்தேன். வேறு யாராவது என்றால் மேலத்தெருக்காரர் ஒருவரைப் போட்டுத்தான் காட்டியிருப்பார்கள். புக் செய்பவர் என்ற இடத்தில் பவளக்கொடி என்று அடித்தேன். மாப்பிள்ளை இனியன். குலதெய்வம் மடைக்காரி அம்மன். ஊர் நெடுங்கரை. கீழத்தெரு. தை இருபத்தைந்து.

டிவியில் பெரிய எழுத்தில் வந்தது:

'இந்தத் தேதி காலியாக உள்ளது. நீங்கள் கீழத்தெருவைச் சேர்ந்தவர் என்பதால் உங்களுக்குத் தரப்படாது.'

யாரோ மிக்சர் மெல்லுவதை நிறுத்தினார்கள். சார் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இது என்னம்மா வாசகம்?" என்றார் நடேசன்.

"நீங்க சொன்னதுதான் சார். எழுத்துல போட்டா எப்படி இருக்கும்னு காட்டுறேன்."

டிரஸ்டிகளில் வயதானவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பேரெல்லாம் சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டதுதானம்மா?"

"இல்ல சார். என் பேரு. என் தம்பி பேரு. எங்க சாமி. எங்க தெரு."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். நடேசன் குனிந்து டிவியின் ரிமோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. அந்த வரி ரொம்ப நேரம் சுவரிலேயே இருந்தது.

காரில் திரும்பி ஆபீஸ் வாசலில் இறங்கியபின் சார் சொன்னார். "ஆறு வருசமா ஒரு வார்த்த சொல்லலியேம்மா நீ." அவருக்கு அதுதான் குறை! மண்டபத்துக்காரர்கள் மேல் வராத வருத்தம் என் மேல் வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். இதற்காகத்தான் சார் என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

டிரஸ்டிலிருந்து மெயில். ஆன்லைன் புக்கிங் வேண்டாமாம். ஃபார்மை மொத்தமாக எடுத்துவிட்டு, ஒரு போன் நம்பரை மட்டும் போட்டால் போதுமாம். பட்டியல், குறிப்பு எல்லாவற்றையும் அழித்துவிடவும் வேண்டுமாம்.

ஃபார்மை எடுத்தேன். போன் நம்பரைப் போட்டேன். பட்டியலை அழிக்கவில்லை. அழிக்கச் சொல்லி சாரும் சொல்லவில்லை, அழிக்காதே என்றும் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஜெசிந்தா 41-ஐ முழுதாக அச்சடித்து, படங்களோடு, என் பையில் வைத்தாள்.

நவம்பர் 29, சனி

அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். நல்ல மரியாதையாகத்தான் பேசினாள்.

"தை இருபத்தஞ்சு காலியா இருக்காங்க?"

"இருக்குக்கா. எந்த ஊரு நீங்க?"

"நெடுங்கரை."

"நெடுங்கரைல எந்தத் தெருக்கா?"

"கீழத்தெரு."

"ஒரு நிமிசம்க்கா." நோட்டைப் புரட்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை. "அக்கா, மன்னிச்சுக்கங்க. அது நேத்தே புக் ஆயிருச்சாம்."

"இப்பத்தானம்மா காலின்னே?"

வைத்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளையும் ஒரு பட்டன் மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். பேசியதைப் பதிவு செய்திருக்கிறேன்.

டிசம்பர் 1, திங்கள்

கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். நேற்று முழுக்க மனு எழுதினேன். எக்செல், குறிப்பு, 41, போன் பேச்சு எல்லாம் இணைப்பு. நாலாவது பத்தியில், இந்த ஃபார்மைக் கட்டியவள் நான், இது எதற்கு என்று கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் கட்டினேன் என்று எழுதினேன். நேற்று சாருக்கும் போனில் சொன்னேன். கம்பெனி பெயர் வராமல் பார்த்துக்கொள் என்றார். வரும் சார் என்றேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் நேற்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன், பட்டன் உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இனியன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

வரிசை நீளம். ஒன்றரை மணி நேரம் நின்றோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் மனுவைப் புரட்டிப் பார்த்தார். நாலாவது பத்தியில் நிறுத்தி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"கோரிக்கைன்னு ஒரு வரி எழுதணும்மா. என்ன எழுத? மண்டபத்து மேல நடவடிக்கை எடுக்கணும்னா?"

ஆமாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள். எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நடவடிக்கை எடுக்குறது உங்க வேல சார், எடுங்க. எங்களுக்கு மண்டபம் வேணும். தை இருபத்தஞ்சு. எம் மகன் கல்யாணம்."

எழுத்தர் பேனாவோடு அம்மாவையே பார்த்தார்.

"அப்படியே எழுதுங்க சார்" என்றாள் அம்மா. எழுதி முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.